நிலப் பத்திரங்களைக் கணினியில் கோப்பாக வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு எங்கள் அலுவலகத்தில் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். சொத்து ஆவணங்களைப் பார்த்துச் சட்டக் கருத்துரை எழுதுவதும், கிரயப் பத்திரங்களுக்கு, அதாவது விற்பனைப் பத்திரங்களுக்கு, வரைவு தயாரிப்பதும்தான் எங்களுடைய அன்றாட வேலை. சென்ற மாதம் ஒரு பதிவுக்கு முந்தைய நாள் மாலையில் அவர்களில் ஒருவருடைய கணினித் திரையைப் பார்க்க நேர்ந்தது. ஒரே கோப்புறையில் ‘கிரயம்’, ‘கிரயம் புதியது’, ‘கிரயம் கடைசி’, ‘கிரயம் கடைசி சரிபார்த்தது’ என நான்கு கோப்புகள் இருந்தன. நாளை அச்சிட வேண்டியது இவற்றில் எது என்று கேட்டேன். நேரம் எதில் கடைசியாகக் காட்டுகிறதோ அதுதான் என்றார். 2011-இல் என் கணினியும் இப்படித்தான் இருந்தது. அதற்காக இரண்டு குடும்பங்கள் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். நகல் எடுத்து வைப்பது, கடவுச்சொல் போடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆளின் பெயரில் கோப்புறை திறப்பது

சொத்து ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். நிலம் அங்கேயே இருக்கும். ஆகவே கோப்புறைக்கு நிலத்தின் பெயரையே வைக்க வேண்டும்: மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்ற வரிசையில். சர்வே எண்ணும் மாறக்கூடியதுதான். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல கிராமங்களில் உட்பிரிவுகள் மாறின. நகர எல்லைக்குள் வந்த இடங்களுக்கு டவுன் சர்வே எண்ணும் வார்டும் பிளாக்கும் புதிதாக வந்தன. தாய்ப் பத்திரத்தில், அதாவது நிலம் முன்பு கைமாறிய மூலப் பத்திரத்தில், ஓர் எண்ணும் இன்றைய பட்டாவில் வேறோர் எண்ணும் இருப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். இரண்டு எண்களும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றன என்பதற்கான ஆதாரம் எந்தத் தாளில் இருக்கிறதோ, அந்தத் தாளைக் கோப்புறையின் முதல் கோப்பாக வையுங்கள்.

ஆவண எண்ணை மட்டும் பெயராக வைப்பது

‘1874’ என்று பெயரிட்ட கோப்பு எதையும் சொல்லாது. சார்பதிவாளர் அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் ஆவண எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஆண்டும் அலுவலகமும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. நான்கு இலக்கத்தில் ஆண்டு, பிறகு எண், பிறகு அலுவலகத்தின் பெயர், பிறகு ஆவண வகை என்று எழுதிப் பழகினால், கணினி தானாகவே பத்திரங்களைக் காலவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். இதன் பயனை முதல் நாளிலேயே உணரலாம். 1968-இல் வாங்கியவர் ஒருவர், 1996-இல் விற்றவர் வேறொருவர் என்றால், நடுவில் செட்டில்மெண்டோ (குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது) பாகப்பிரிவினையோ உயிலோ இருந்தாக வேண்டும்; அது இல்லாத இடம் பட்டியலிலேயே ஓட்டை போலத் தெரியும். அந்த ஓட்டையை முன்பணம் கொடுப்பதற்கு முன் கண்டுபிடிப்பதும் கொடுத்த பின் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

பின்பக்கத்தை விட்டுவிட்டு ஸ்கேன் செய்வது

பழைய முத்திரைத்தாள் பத்திரங்களில் முன்பக்கத்தில் இருப்பது இரு தரப்பும் எழுதிக்கொண்டது மட்டுமே. தாக்கல் செய்த நாளும் நேரமும், இடது பெருவிரல் ரேகையும், அடையாளம் காட்டிய சாட்சிகளும், ‘1 புத்தகம், இத்தனையாவது தொகுதி, இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை’ என்ற பதிவுக் குறிப்பும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், வெறுமையாகவே இருக்கிறது என்பதும் ஒரு தகவல்தான். அதையும் எடுத்து வைக்க வேண்டும்.

ஒருமுறை முன்பக்கங்களை மட்டும் பார்த்து, 24 சென்ட் முழுவதும் விற்பவருக்கே உரியது என்று கருத்துரை எழுதி முடித்திருந்தேன். அசல் வந்தபோது கடைசித் தாளின் பின்புறம், ‘இதில் கண்ட நிலத்தில் 9 சென்ட் விற்பனை செய்யப்பட்டது’ என்று, விற்பனை ஆவணத்தின் எண்ணோடு, மங்கிய நீல மையில் எழுதியிருந்தது. அன்று அசலைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால் தப்பித்தோம். கைபேசிச் செயலிகள் ஓரத்தைத் தாமாகவே வெட்டிவிடும் என்பதையும் கவனியுங்கள். அடித்தல் திருத்தல் பற்றிய குறிப்புகளும் சுருக்கொப்பங்களும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

பழைய பத்திரத்தின் மேலேயே புதிய பத்திரத்தைத் தட்டச்சு செய்வது

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான்.

2011-இல் ஒரு பெரியவர் தம்முடைய 10 சென்ட் நிலத்தை விற்க வந்தார். அவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனைகள் இருந்தன. எண்களை மாற்றிச் சொல்கிறேன், மேற்கே இருந்தது 142/2ஏ, கிழக்கே இருந்தது 142/2பி. கிழக்கு மனையை 2009-இல் எங்கள் அலுவலகத்தின் மூலமே வேறொருவருக்கு விற்றிருந்தார். எழுதிக் கொடுப்பவர் அவரே, கிராமமும் அதுவே, பரப்பும் அதே 10 சென்ட் என்பதால், நான் 2009-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் கோப்பைத் திறந்து, வாங்குபவர் பெயரையும் தொகையையும் நான்கெல்லையையும் மாற்றி வரைவை முடித்தேன். அரைமணி நேரத்தில் வேலை முடிந்ததை அன்று திறமை என்றே நினைத்தேன்.

வரைவை வாங்குபவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அன்று மாலை மறுபடி படித்தபோது சர்வே எண் 2பி என்றே இருப்பதைப் பார்த்து, அலுவலகக் கணினியில் இருந்த கோப்பில் 2ஏ என்று திருத்தினேன். அதற்குள் வாங்குபவர், தம் தந்தையார் பெயரின் தலைப்பெழுத்து தவறாக இருந்ததைத் தம்மிடமிருந்த நகலில் தாமே திருத்தி, ‘சரிபார்த்தது’ என்று பெயரிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். இப்போது இரண்டு கோப்புகள். ஒன்றில் சர்வே எண் சரி, தலைப்பெழுத்து தவறு. மற்றதில் தலைப்பெழுத்து சரி, சர்வே எண் தவறு. மறுநாள் காலை நான் அச்சிட்டது ‘சரிபார்த்தது’ என்ற பெயர் இருந்ததை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் பெயர்களைப் படித்தார்கள், தொகையைப் படித்தார்கள். கடைசித் தாளில் இருந்த சொத்து விவரத்தை எவரும் எண் எண்ணாகப் படிக்கவில்லை. நான்கெல்லை சரியாக இருந்ததால் மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு ஐயமும் எழவில்லை. பிப்ரவரியில் பதிவானது. ஜூலையில் பட்டா மாறுதல் மனு தள்ளுபடியாகித் திரும்பி வந்தது. பத்திரத்தில் கண்ட உட்பிரிவு வேறொருவர் பட்டாவில் இருக்கிறது என்பது காரணம். எண்ணும் எல்லையும் முரண்பட்டால் எல்லையே மேலோங்கும் என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் எண்தான் பேசும்.

பிழைதிருத்தல் பத்திரம் போட்டால் தீர்ந்துவிடும் என்பீர்கள். அதற்கு எழுதிக் கொடுத்தவர் மறுபடியும் வந்து கையெழுத்திட வேண்டும். அந்தப் பெரியவர் ஜூன் மாதம் இறந்துபோயிருந்தார். வாரிசுச் சான்று வாங்கவே நாளாயிற்று. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நால்வரும் கையெழுத்திட வேண்டும். மகள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: “அப்பா வித்தது வித்ததுதானே சார், இப்ப நாங்க எதுக்கு மறுபடி கையெழுத்துப் போடணும்?” மீதமிருக்கும் சொத்தையும் எழுதி வாங்கப் பார்க்கிறோமோ என்று அவர் அஞ்சியதில் தவறே இல்லை. இளைய மகன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அவருக்கு விடுப்புக் கிடைத்த பிறகே அந்த வேலை தொடங்கியது.

இதற்கிடையில் 2009-இல் கிழக்கு மனையை வாங்கியவர், ஒரு தொடர்பும் இல்லாமல், வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போயிருக்கிறார். அவருடைய நிலத்துக்கான வில்லங்கச் சான்றில், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில், எங்கள் 2011-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒரு கிரயமாக ஏறியிருந்தது. வங்கியின் வழக்கறிஞர் கடனை நிறுத்திவைத்தார். அந்த மனிதர் வில்லங்கச் சான்றை எங்கள் மேசையில் விரித்து, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். எல்லாம் சரியாவதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின.

அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் முறைகள் சில உண்டு. சொத்து விவரத்தைப் பழைய கோப்பிலிருந்து ஒருபோதும் எடுப்பதில்லை. தாய்ப் பத்திரம், பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் எதிரில் வைத்துக்கொண்டு வெறும் பக்கத்தில் புதிதாகத் தட்டச்சு செய்கிறோம். வாசகங்களுக்குப் பழைய பத்திரம் மாதிரியாக இருக்கலாம், நிலத்துக்கு இருக்கக் கூடாது. திருத்தக்கூடிய கோப்பு அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மற்ற எல்லோருக்கும் பி.டி.எஃப் மட்டுமே போகும், திருத்தங்களை அவர்கள் எழுதி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வரைவின் அடியிலும் வரைவு எண்ணும் தேதியும் எல்லாப் பக்கங்களிலும் அச்சாகும். புதிய வரைவு வந்தவுடன் பழையது ‘நீக்கப்பட்டவை’ என்ற தனிக் கோப்புறைக்குப் போய்விடும். பதிவுக்கு முந்தைய நாள் ஒருவர் பட்டாவைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றொருவர் வரைவைப் பார்த்து வருவார்: “நூற்று நாற்பத்திரண்டு, கீழே இரண்டு ஏ.” பதிவுத்துறை இணையதளத்தில் உள்ளீடு செய்த விவரங்களின் அச்சுப்படியையும் இப்படியே படித்துப் பார்க்கிறோம், ஏனெனில் பத்திரத்தில் சரியாக இருந்து உள்ளீட்டில் தவறிய எண்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அசல் யாரிடம் இருக்கிறது என்று எழுதாமல் விடுவது

வீட்டிலா, வங்கியிலா, அண்ணனிடமா என்று ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஆவணமாக எடுத்துக்கொள்வது

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். கையெழுத்துப் பத்திரத்தில் 118/3 என்பது 118/8 ஆகத் தெரிவதற்கு அந்தச் சுருக்கமே போதும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் பெயர் மாற்றி உரிய கோப்புறைக்குக் கொண்டுவாருங்கள். வாங்குபவர், விற்பவர், தரகர், வங்கி ஊழியர் எல்லோரும் இருக்கும் குழுவில் ஆதாரையும் பான் அட்டையையும் போடுவதை எப்படியும் நிறுத்த வேண்டும். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம். பேச்சுவார்த்தைக் கட்டத்தில் அதுவே போதும்.

அளவை ஓர் அலகில் மட்டும் எழுதி வைப்பது

பத்திரம் சென்டில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும், மனை விற்பவர் சதுர அடியிலோ கிரவுண்டிலோ பேசுவார். பட்டாவில் 0-04.05 (0 ஹெக்டேர், 4.05 ஏர்) என்றிருந்தால் அது 405 சதுர மீட்டர், அதாவது 10 சென்ட், அதாவது ஏறத்தாழ 4,356 சதுர அடி. மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வில்லங்கச் சான்றைத் தேதியில்லாமல் சேமிப்பது

எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பது கோப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

பதிவு முடிந்தவுடன் கோப்பை மூடிவிடுவது

பத்திரம் கைக்கு வந்த அன்றே எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து, புதிய ஆவண எண்ணோடு கோப்புறையில் சேருங்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் செலுத்திய ரசீதுகளையும், 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆன கிரயமாக இருந்தால் வாங்குபவர் பிடித்தம் செய்து கட்டிய 1 சதவீத வருமான வரிக்கான சான்றையும் அதனுடன் வையுங்கள்; சில ஆண்டுகள் கழித்து விற்கும்போது அடக்க விலையைக் கணக்கிட இந்தத் தாள்களைத்தான் தேடுவீர்கள்.

பிறகு சில நாட்களில் வில்லங்கச் சான்றை மறுபடியும் எடுத்து, உங்கள் பத்திரம் எந்தச் சர்வே எண்ணின் கீழ், எந்த உட்பிரிவில் ஏறியிருக்கிறது என்று பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை இது. 2011-இல் பதிவு நடந்த வாரமே இதைச் செய்திருந்தால் 2பி என்ற எழுத்து கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் நல்ல நினைவோடு, சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்.