வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்குத் துணைநிற்பது எப்படி?

அயல்நாட்டு மாணவர்களுக்கான வரவேற்பு, அறிமுகக் கூட்டம், வளாகச் சுற்று ஆகியவற்றைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதல் வாரத்திலேயே நடத்தி முடித்துவிடுகின்றன. பயணக் களைப்பும் தூக்கக் கேடும் தீராத அந்த நாட்களில் கேட்ட செய்திகள் பலவும் மனத்தில் தங்குவதில்லை. உண்மையான சிக்கல்கள் தலைதூக்குவதோ பிறகுதான்: முதல் ஒப்படைப்பு திருத்தப்பட்டுக் கைக்கு வரும்போது, வாடகை ஒப்பந்தத்தில் கவனிக்காமல் விட்ட ஒரு விதி வெளிப்படும்போது, அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை என்பது உறைக்கும்போது. அதற்குள் வரவேற்புக் குழுவினர் தத்தம் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே, அதே பல்கலைக்கழகத்தில் முன்னரே சேர்ந்து, இப்போது புதியவர் ஒருவருக்கு வழிகாட்ட முன்வந்திருக்கும் மூத்த மாணவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் உதவி முழுவதையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாமல், கல்விப் பருவம் முழுவதற்குமாகப் பிரித்து வையுங்கள்.

புறப்படுவதற்கு முன்

புதியவர் விமானம் ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒருமுறை நிதானமாகப் பேசிவிடுவது நல்லது. எதை மூட்டை கட்ட வேண்டும் என்ற பேச்சில் நேரம் போய்விடாமல், வந்து இறங்கும் இரவில் எங்கே தங்குவார், அந்த இடத்தின் சாவியை யாரிடம் எந்த நேரத்துக்குள் பெற வேண்டும், விமானம் தாமதமானால் மாற்று வழி என்ன என்பவற்றை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சேர்க்கைக் கடிதம், நிதிச் சான்றுகள், காப்பீட்டு ஆவணம், தங்குமிட முகவரி ஆகியவை கைப்பையில் தாளாகவும் இருக்க வேண்டும்; குடிவரவு அதிகாரியின் முன் நிற்கும்போது கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துபோனால் அதில் உள்ள படங்களால் பயனில்லை. எவ்வளவு முன்னதாக வரலாம் என்பதற்கும் விதி உண்டு. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் முதன்முறை வருபவர், படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாக அந்நாட்டுக்குள் நுழைய முடியாது.

இந்தக் கட்டத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வீட்டு வாடகை மோசடியிலிருந்து அவரைக் காப்பதுதான். அழகான படங்கள், சந்தை நிலவரத்தைவிடக் குறைந்த வாடகை, தான் வெளியூரில் இருப்பதால் வீட்டைக் காட்ட முடியாது என்று சொல்லும் உரிமையாளர், உடனே முன்பணம் அனுப்பினால்தான் வீடு கிடைக்கும் என்ற அவசரம்: இவை ஒன்றாக வந்தால் பெரும்பாலும் ஏமாற்று வேலையே. நீங்கள் அதே ஊரில் இருப்பதால் ஒரு மணி நேரம் ஒதுக்கி நேரில் போய் அந்த வீட்டைப் பார்த்துச் சொல்லலாம். அது இயலாதபோது, முதல் சில வாரங்களுக்குப் பல்கலைக்கழக விடுதியிலோ நம்பகமான தற்காலிகத் தங்குமிடத்திலோ இருந்துகொண்டு, வந்தபின் வீடு தேடச் சொல்வதே பாதுகாப்பு.

முதல் பத்து நாட்கள்: எதன் பின் எது

புதியவரைத் திணறடிப்பது வேலைகளின் எண்ணிக்கையன்று, அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதே. வங்கி முகவரிச் சான்று கேட்கிறது. வீட்டு உரிமையாளர் வங்கிக் கணக்கு கேட்கிறார். கைபேசி நிறுவனம் இரண்டையும் கேட்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கும் நுனி பெரும்பாலும் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. மாணவரின் பெயர், படிப்பு, தற்போதைய முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட்டு வங்கிக்கான கடிதம் ஒன்றைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்டால் தருகின்றன. எனவே சேர்க்கைப் பதிவை முடிப்பதும் அந்தக் கடிதத்தைப் பெறுவதும் முதல் வேலையாகட்டும். முன்கூட்டியே பணம் செலுத்தும் சிம் கார்டு ஒன்று அதுவரை போதும்.

அரசு விதிக்கும் கெடுக்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும்; அவற்றைத் தவறவிட்டால் பின்னர் சரிசெய்வது கடினம். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியை நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீடு தருபவரின் எழுத்துச் சான்று தேவை; ஆகவே, அத்தகைய சான்று தர மறுக்கும் தற்காலிகத் தங்குமிடத்தைப் பிடித்தால் அடுத்தடுத்த வேலைகளும் தடைபடும். அமெரிக்காவில், படிப்பு தொடங்கிய 30 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் மாணவரை செவிஸ் என்னும் அரசுத் தரவுத்தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அது நடக்க மாணவர் தம் வருகையைப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பின்னர் வீடு மாறினால் 10 நாட்களுக்குள் அதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் முகவரி மாற்றத்தைக் கல்வி நிறுவனத்துக்கு 7 நாட்களுக்குள் அறிவிப்பது விசா நிபந்தனை. இத்தகைய தேதிகளை அவர் கைபேசி நாட்காட்டியில் அவரே குறித்துக்கொள்ளும்வரை பக்கத்தில் இருங்கள்.

அவரே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வழிகாட்டும் ஆர்வத்தில் படிவங்களை நாமே நிரப்பிக் கொடுத்துவிடுவது எளிது. அப்போது வேலை விரைவாக முடியும், ஆனால் தாம் எதில் கையெழுத்திட்டோம் என்பது அவருக்குத் தெரியாமலே போகும். ஒரு படிவத்தைச் சேர்ந்து படித்து, ஐயமான இடத்தில் மட்டும் விளக்கி, அலுவலக முகப்பில் அவரையே பேசவிட்டு அருகில் நிற்பதுதான் சரியான அளவு. முதல் முறை அரை மணி நேரம் கூடுதலாகும். இரண்டாம் முறை அவர் உங்களை அழைக்கத் தேவை இருக்காது.

உடல்நலம் நன்றாக இருக்கும்போதே மருத்துவத்துக்கான ஏற்பாட்டை முடித்துவிடச் சொல்லுங்கள். பிரிட்டனில் வசிக்கும் பகுதியின் பொது மருத்துவரிடம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தபின் தேடினால் அலைச்சல்தான். காப்பீட்டு அட்டையை எங்கே காட்டுவது, எந்தச் செலவை அது ஏற்காது, இரவில் யாரை அழைப்பது என்பவை தெரிந்திருக்க வேண்டும். அவசர உதவி எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999. அங்கு 112-உம் இயங்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், இடையில் வெளியேறினால் என்ன ஆகும், மின்சாரமும் இணையமும் வாடகையில் அடங்குமா, முன்பணம் யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் கேட்கச் செய்யுங்கள். இங்கிலாந்தில் மாணவர்கள் வழக்கமாகச் செய்துகொள்ளும் தனியார் குடியிருப்பு ஒப்பந்தங்களில், அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் முன்பணத்தை 30 நாட்களுக்குள் உரிமையாளர் செலுத்த வேண்டும். எந்த நாடாயினும், குடிபுகும் நாளில் ஒவ்வொரு சுவரையும் தரையையும் படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால், வெளியேறும்போது பழைய கறைகளுக்காக முன்பணம் பிடிக்கப்படுவதைத் தடுக்கலாம்.

பகுதிநேர வேலை

வேலை பற்றி நண்பர்கள் சொல்வதை நம்பாமல், விசாவில் எழுதியிருப்பதையும் அரசு இணையதளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவக்காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரமே அனுமதி. வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. ஒரு வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்ப்பதற்கு அங்கு இடமில்லை. சொந்தத் தொழிலும் கூடாது என்பதால், செயலி வழியாகத் தற்சார்பாகச் செய்யும் விநியோக வேலை அங்கே விசா மீறலாகிவிடும். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம், கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் என்பது வரம்பு. அமெரிக்காவில் பருவக்காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம். வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். வங்கிக் கணக்கைப் பிறர் பணம் கடத்தப் பயன்படுத்தக் கொடுத்தால் சிறிது தொகை தருவதாக யாரேனும் சொன்னால், அது பணமோசடிக் குற்றம் என்பதைத் தயங்காமல் சொல்லிவையுங்கள்.

வகுப்பறையின் எழுதப்படாத விதிகள்

நிர்வாக வேலைகளுக்கு அலுவலகங்கள் உள்ளன. வகுப்பறையில் எல்லோரும் தெரிந்திருப்பதாகக் கருதிக்கொண்டு யாரும் சொல்லாமல் விடுபவற்றைத்தான் உங்களைப் போன்றவர் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கருத்தில் மூத்த மாணவரின் உதவி மிகுந்த பயன் தரும் இடம் இதுவே.

மதிப்பெண்ணிலிருந்து தொடங்கலாம். பிரிட்டனில் 70 அல்லது அதற்கு மேல் பெறுவது முதல் வகுப்பு. 90-ஐ எட்டுவது பல துறைகளில் அரிது. தொண்ணூறுகளுக்குப் பழகிய ஒருவர் முதல் கட்டுரைக்கு 62 பெற்றதும் தோற்றுவிட்டதாக நினைத்து இடிந்துபோவார். அது இரண்டாம் வகுப்பின் மேல்நிலை, மதிக்கத்தக்க தொடக்கம். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, அமெரிக்காவிலோ 4.0 உச்சம். இந்த அளவுகோலை முதல் முடிவு வருமுன் விளக்கிவிட்டால் சில தூக்கமில்லாத இரவுகளைத் தவிர்க்கலாம்.

அடுத்தது பேராசிரியரை அணுகும் முறை. வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தில் தம் அறையில் மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர்கள் நேரம் ஒதுக்குவார்கள். தவறு செய்தவர்கள் அழைக்கப்படும் நேரம் அது என்றெண்ணிப் புதியவர்கள் பலர் ஒருமுறைகூடப் போவதில்லை. முதல் மூன்று வாரங்களுக்குள், பாடத்தில் விளங்காத ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்வரும்படி ஊக்குவியுங்கள். வேண்டுமானால் கதவுவரை உடன் செல்லுங்கள். கருத்தரங்க வகுப்புகளில் பேசாமல் அமர்ந்திருப்பது அடக்கமாகப் பார்க்கப்படாமல், படிக்காமல் வந்ததாகவே கொள்ளப்படலாம். சில பாடங்களில் பங்கேற்புக்கே மதிப்பெண் உண்டு. முந்தைய நாளே ஒரு கேள்வியைத் தயாரித்து, உரையாடலின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது தயக்கமுள்ளவர்களுக்கு உதவும் வழி; நேரம் போகப் போக இடைபுகுவது கடினமாகும்.

கருத்துத் திருட்டு பற்றி வெறுமனே எச்சரிப்பதால் பயனில்லை. பிறர் கருத்தைத் தம் சொற்களில் எழுதினாலும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், முன்பு தாமே சமர்ப்பித்ததை மீண்டும் கொடுப்பதும் பல இடங்களில் குற்றம், தனியாகச் செய்யச் சொன்ன வேலையை நண்பரோடு சேர்ந்து செய்வதும் மீறலே என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டும். இரண்டு பத்திகளை எடுத்துக்கொண்டு மேற்கோளிடுவதை ஒருமுறை செய்துகாட்டினால், நீண்ட விளக்கவுரையைவிட அது நன்றாகப் பதியும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதற்குப் பாடத்துக்குப் பாடம் விடை மாறுவதால், அந்தந்த ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதே சரி. பணத்துக்குக் கட்டுரை எழுதித் தருவோரிடமிருந்து குறுஞ்செய்திகள் வரக்கூடும். அத்தகைய சேவை வழங்குவதை ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் சட்டத்தால் தடை செய்தன. ஒருமுறை வாங்கியவரைப் பல்கலைக்கழகத்திடம் காட்டிக்கொடுப்பதாக மிரட்டி மேலும் பணம் பறிப்பதும் நடக்கிறது. கெடு நெருங்கிய பதற்றத்தில்தான் மாணவர்கள் இதில் விழுகிறார்கள். கால நீட்டிப்புக் கேட்பது அவமானமில்லை என்றும் அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்றும் முன்பே சொல்லிவைத்திருந்தால் அந்தப் பதற்றத்துக்கு ஒரு கதவு திறந்திருக்கும்.

ஆறாவது வாரத்துக்குப் பிறகு

அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டு ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கோர், 1955-இல் ஒரு கண்டறிதலை வெளியிட்டார். ஆறு மாதங்களுக்குள் தங்கியவர்களும் 18 மாதங்களுக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருக்க, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே குறைவாகப் பொருந்தியிருந்தனர். பின்வந்த ஆய்வுகள் எல்லோருக்கும் இப்படியே நிகழ்வதில்லை என்று காட்டியுள்ளன. சிலருக்கு முதல் நாளே கடினமாக இருக்கிறது. ஆயினும் புதுமையின் உற்சாகம் வடிந்தபின் ஒரு சரிவு வரலாம் என்பதை எதிர்பார்த்திருப்பது நல்லது. அதனால்தான் ஆறாவது, பத்தாவது வாரங்களில் சந்திப்பதற்கு இப்போதே நாள் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அப்போது, எல்லாம் நலமா என்று கேட்டால் நலம் என்ற பதிலே வரும். நேற்று யாரோடு சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய், கடைசியாக எந்த வகுப்புக்குப் போகவில்லை என்று குறிப்பாகக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் அழை என்ற பொதுவான அழைப்பை ஏற்று யாரும் அழைப்பதில்லை. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நூலக வாசலில் சந்திப்போம் என்றால் வருவார்கள். தம் மொழி பேசுவோரின் வட்டத்தில் மட்டும் இருக்காதே என்று கண்டிப்பதும் வேண்டாம். அந்த வட்டம் தரும் ஆறுதல் உண்மையானது. அதோடு விளையாட்டுக் குழு, ஆய்வுக் குழு, தன்னார்வப் பணி என வாரந்தோறும் அதே முகங்களைச் சந்திக்கும் இன்னொரு இடமும் இருக்கச் செய்தால் போதும். ஒருநாள் விருந்துகளில் நட்பு அரிதாகவே வளர்கிறது.

தொடர்ந்து வகுப்புக்கு வராமை, உறக்கமின்மை, குடும்பத்தாரின் அழைப்பைத் தவிர்த்தல் ஆகியவை தெரிந்தால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் நேரம் பெற உதவுங்கள். அங்கு சொல்வது பொதுவாக ரகசியமாகக் காக்கப்படும் என்பதையும், உயிருக்கு ஆபத்து போன்ற சூழலில் அதற்கு விலக்கு உண்டு என்பதையும் தெரிவியுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வெளிப்படுத்தினால் தனியே விடாமல் உடனிருந்து அவசர எண்ணை அழையுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டாலும் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். நீங்கள் மருத்துவர் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். விசாச் சிக்கல்களுக்குப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கே அனுப்புங்கள். பிறரது வாடகைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவதும் பெரிய தொகை கடன் கொடுப்பதும் உங்கள் கடமையில் சேராது.

பருவத்தின் இறுதியில் இன்னொரு முறை அமர்ந்து விடுமுறையைப் பற்றிப் பேசுங்கள். பல அமெரிக்க விடுதிகள் குளிர்கால விடுமுறையில் மூடப்படுவதால், ஊருக்குத் திரும்பாதவர்கள் எங்கே தங்குவார்கள் என்பதை முன்பே விசாரிக்க வேண்டும். நாட்டைவிட்டு வெளியே போகிறவர்கள் தங்கள் விசா மறுநுழைவுக்குச் செல்லுமா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் படிப்பவராயின், பல்கலைக்கழகம் வழங்கும் ஐ-20 என்னும் மாணவர் தகுதிப் படிவத்தில், மறுநுழைவுக்காக இடப்படும் பயணக் கையொப்பம் ஓராண்டுக்கு உட்பட்டதா என்று சரிபார்த்து, காலம் கடந்திருந்தால் பயணச்சீட்டு வாங்குமுன் புதிதாகப் பெற்றுக்கொள்ள வேண்டும்.