திரும்பி வந்த பார்சலில் வேறு பொருள்: நியாயமற்ற ரிட்டர்ன்களை இணைய விற்பனையாளர் எதிர்கொள்ளும் முறை

சென்னிமலைப் படுக்கை விரிப்புகளை இணையச் சந்தைகளில் விற்கத் தொடங்கிய முதல் ஆண்டில், திரும்பி வந்த ஒரு பார்சலைப் பிரித்தபோது உள்ளே சாயம் போன பழைய வேட்டி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. கோபத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் புகார் எழுதினேன். மூன்றாம் நாள் வந்த பதில் ஒரே வரிதான்: போதிய ஆதாரம் இல்லை. அன்று அது அநியாயமாகத் தோன்றியது. பின்னர் யோசித்தால், என் கையில் இருந்தவை பார்சலைப் பிரித்து முடித்த பிறகு எடுத்த இரண்டு புகைப்படங்கள் மட்டுமே. அந்த வேட்டி என் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வைத்ததன்று என்பதை அவை எந்த விதத்திலும் காட்டவில்லை. ரிட்டர்ன் வழக்கின் முடிவு, புகார் எழுதும் மேசையில் அல்ல, பொருளைக் கட்டும் மேசையிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். சொந்த இடத்திலிருந்து பொருளை அனுப்புவோருக்காகவே இதை எழுதுகிறேன். தளத்தின் கிடங்கில் சரக்கை வைத்து விற்பவர்களுக்கு இழப்பீட்டு வழி வேறு.

எது நியாயமற்ற ரிட்டர்ன்

முதலில் நம் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020இன்படி, பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும், சொன்ன நாளுக்குப் பின் போய்ச் சேர்ந்தாலும் அதைத் திரும்பப் பெற மறுக்கவோ பணத்தைத் திருப்பித் தர மறுக்கவோ விற்பனையாளருக்கு உரிமை இல்லை. தாமதத்துக்கு மட்டும், நம் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தால் விலக்கு உண்டு. எனவே 90க்கு 100 அங்குலம் என்று பட்டியலில் எழுதிவிட்டு, தறியிலிருந்து 86க்கு 96 வந்த விரிப்பை அனுப்பியிருந்தால், வாடிக்கையாளர் எவ்வளவு கடுமையாக எழுதினாலும் அந்த ரிட்டர்ன் நியாயமானதே. முதல் சலவையில் துணி எவ்வளவு சுருங்கும், தலையணை உறைகள் எத்தனை, அவற்றின் அளவு என்ன, படத்தில் தெரியும் நிறம் பகல் வெளிச்சத்தில் எடுத்ததா என்பவற்றைப் பட்டியலிலேயே எழுதிவைத்தால், வரக்கூடிய தகராறுகளில் ஒரு பகுதி பிறக்காமலேயே போய்விடும்.

வாடிக்கையாளர் தேர்வு செய்த காரணத்தை அப்படியே நம்பவும் வேண்டாம், அதற்காக மனம் நோகவும் வேண்டாம். மனம் மாறிவிட்டது என்பதைவிடத் தரம் சரியில்லை என்பதை அழுத்தினால் எளிதில் ரிட்டர்ன் கிடைக்கும் என்று நினைத்து அதைத் தேர்வு செய்பவர்கள் உண்டு. பொருள் அனுப்பியபடியே மறுபடியும் விற்கும் நிலையில் வந்துசேர்ந்தால், போக்குவரத்துச் செலவோடு அதை விட்டுவிடுவதே நல்லது. போராட வேண்டியவை வேறு: உள்ளே வேறு பொருள் இருப்பது, வெறும் பெட்டி வருவது, செட்டில் ஒன்று குறைவது, பயன்படுத்திக் கறைபட்டு வருவது, திரும்பி வந்ததாகப் பேனலில் (தளம் விற்பனையாளருக்குத் தரும் கணக்குப் பக்கத்தில்) காட்டியும் வராமலே போவது.

இவற்றையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் பெற்றுப் பார்த்துத் திருப்பியது ஒரு வகை. கதவைத் திறக்காததாலோ வாங்க மறுத்ததாலோ கூரியரே திருப்பிக் கொண்டுவருவது இன்னொரு வகை. பின்னதைத்தான் நாம் ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஒரிஜின்) என்கிறோம். ஆர்டிஓ பார்சலில் பொருள் மாறியிருந்தால் வாடிக்கையாளர் அதைத் தொடவே இல்லை. பொறுப்பு வழியில் கையாண்டவர்களுடையது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், ஆர்டிஓ புகாரிலும் வாடிக்கையாளரைத் திட்டி எழுதி, வழக்கைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கட்டும் மேசையில்

ஒரு மேசை, அதன் மேல் நகராமல் பொருத்திய கைபேசி, நல்ல வெளிச்சம், கிராம் காட்டும் மின்னணுத் தராசு ஆகியவை போதும். ஒவ்வொரு ஆர்டருக்கும் இடையில் நிறுத்தாத, வெட்டாத ஒரே காணொளி எடுக்க வேண்டும். முதலில் ஷிப்பிங் லேபிளில் உள்ள ஆர்டர் எண்ணும் ஏடபிள்யூபி எண்ணும் (பார்சலுக்குக் கூரியர் தரும் தட எண்) படிக்கும்படி தெரிய வேண்டும். பிறகு விரிப்பைப் பிரித்து இரு பக்கமும் காட்டி, தலையணை உறைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்து, மடித்து உறையிலிட்டு, ஒட்டி, லேபிளை ஒட்டி, கடைசியாகத் தராசில் வைத்து எடை தெரியும்படி முடிக்க வேண்டும். ஒட்டி முடித்த பின் எடை பார்ப்பது முக்கியம். கூரியர் நிறுவனமும் தன் மையத்தில் எடை பார்க்கிறது. போகும்போது 1,240 கிராம் இருந்த பார்சல் திரும்பும்போது 400 கிராம் என்றால், அந்த இரண்டு எண்களுக்கு முன் நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படாது.

பொருளின் மீது நம் அடையாளம் ஒன்று இருக்க வேண்டும். மின்னணுப் பொருள் விற்பவர்களுக்கு வரிசை எண் இருக்கிறது. கைபேசி என்றால் ஐஎம்இஐ எண் இருக்கிறது. துணி விற்பவர்களுக்கு அது இல்லாததால், கரையின் உட்புறத்தில் புறஊதா விளக்கில் மட்டும் தெரியும் பேனாவால் ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதுவது ஒரு வழி. அதைவிட எளியது, வெட்டினால் மட்டுமே கழலும் பிளாஸ்டிக் டேகை வெளியில் தெரியும் இடத்தில் பூட்டி, அது அறுந்திருந்தால் பயன்படுத்தியதாகக் கருதப்படும் என்று பட்டியலிலும் டேகிலும் எழுதிவைப்பது. சேலையைக் கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டிவிட்டுத் திருப்புவோரை இந்தச் சிறு டேக் ஓரளவு தடுக்கிறது. பிரித்தால் தடம் தெரியும் ஒட்டுநாடாவும் அப்படியே. சாதாரண பழுப்பு நாடாவை நீராவி காட்டி உரித்து மறுபடி ஒட்ட முடியும்.

காணொளிக் கோப்புக்கு ஆர்டர் எண்ணையே பெயராக வைத்துத் தேதிவாரியாகச் சேமியுங்கள். மிக உயர்ந்த தரம் தேவையில்லை. எண்கள் படிக்கக் கிடைத்தால் போதும். பணம் கணக்கில் வந்து ரிட்டர்ன் காலமும் முடிந்துவிட்டது என்று உடனே அழித்துவிடாமல், ஆறு மாதமாவது வைத்திருப்பது என் வழக்கம்.

திரும்பி வரும் நாளில்

டெலிவரி செய்பவர் பத்துப் பதினைந்து ரிட்டர்ன் பார்சல்களை ஒரே சாக்கில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஓடிபி சொல்லுங்கள், கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்துவார். அவருக்கும் அன்றைய ஓட்டம் இருக்கிறது. அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனாலும் எண்ணிக்கையைச் சரிபார்க்காமல், ஒவ்வொரு பார்சலின் ஏடபிள்யூபி எண்ணையும் பேனலில் உள்ள ரிட்டர்ன் பட்டியலோடு ஒப்பிடாமல் ஓடிபி சொல்லக் கூடாது. இத்தொழிலில் மிகுதியாகப் பணம் போகும் ஓட்டை இந்த ஐந்து நிமிட அவசரம்தான் என்பது என் கணிப்பு. உறை கிழிந்தோ மேல் நாடா மாறியோ இருந்தால், பெற்றுக்கொண்டதற்கான தாளிலோ செயலியிலோ அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். மறுத்தால், அவர் இருக்கும்போதே ஆறு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பதும் கட்டுவதைப் போலவே ஒரே காணொளியில் நடக்க வேண்டும். மூடிய பார்சலில் தொடங்கி, ரிட்டர்ன் லேபிள், நாடா, எடை, பிறகு வெட்டுதல், உள்ளிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து விரித்தல், நம் அடையாளம் இருக்கிறதா இல்லையா என்று காட்டல் என்ற வரிசையில், பொருள் ஒரு கணமும் சட்டகத்தை விட்டு வெளியே போகாமல் எடுக்க வேண்டும். பாதி பிரித்துப் பார்த்து, தப்பு தெரிந்த பிறகு காணொளியைத் தொடங்கினால் அது எதற்கும் உதவாது.

புகார் கொடுப்பதற்கான கெடு, நாம் பார்சலைப் பிரித்த நாளிலிருந்து அல்ல, பேனலில் அது ஒப்படைக்கப்பட்டதாகக் காட்டும் நாளிலிருந்தே எண்ணப்படும் என்று வைத்துக்கொண்டு செயல்படுவது பாதுகாப்பானது. கெடு தளத்துக்குத் தளம் வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். ஆகவே உங்கள் பேனலின் கொள்கைப் பக்கத்தில் இன்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். தீபாவளிக்குப் பின் ரிட்டர்ன்கள் குவியும் வாரங்களில் மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தே கெடுவை இழப்பவர்கள் பலர்.

கிளெய்ம் எழுதுவது

அமேசானில் இதற்குச் சேஃப்‑டி கிளெய்ம் என்றும், ஃபிளிப்கார்ட்டில் எஸ்பிஎஃப் (விற்பனையாளர் பாதுகாப்பு நிதி) கிளெய்ம் என்றும் பெயர். மற்றத் தளங்களில் உதவிப் பகுதியில் டிக்கெட் எழுப்ப வேண்டும். பெயர் எதுவானாலும், அதைப் படிப்பவருக்கு உங்கள் வழக்குக்குச் செலவிடச் சில நிமிடங்களே இருக்கும் என்று கருதி எழுதுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து போகும் கிளெய்ம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“இந்த ஆர்டரில் நீல நிற இரட்டைப் படுக்கை விரிப்பு ஒன்றும் தலையணை உறை இரண்டும் அனுப்பப்பட்டன, அனுப்பிய எடை 1,240 கிராம். ரிட்டர்னில் வந்தது பழைய வெள்ளை வேட்டி ஒன்று. எடை 400 கிராம். முதல் காணொளியில் 0:40ஆம் நொடியில் அனுப்பிய பொருளும், இரண்டாம் காணொளியில் 0:25ஆம் நொடியில் வந்த பொருளும் தெரிகின்றன. இரண்டிலும் ஏடபிள்யூபி எண் காட்டப்பட்டுள்ளது. பொருளின் முழு விலையையும் ரிட்டர்ன் கட்டணத்தையும் ஈடாகக் கோருகிறோம்.”

இதில் யார் மாற்றினார்கள் என்ற ஊகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் மாற்றியிருக்கலாம், வழியில் மாறியிருக்கலாம். நமக்குத் தெரிந்தது என்ன போனது, என்ன வந்தது என்பது மட்டுமே. நாமும் அதற்கு மேல் சொல்லக் கூடாது.

மறுத்துவிட்டால்

முதல் மறுப்பைக் கடைசி முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே கடிதத்தை மறுபடி அனுப்பினால் அதே பதில்தான் வரும். எந்த ஆதாரம் போதவில்லை என்று கேளுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து பொருளை எடுத்தபோது கூரியர் எடுத்த புகைப்படமும் மையத்தில் பதிவான எடையும் இருந்தால் அவற்றைப் பார்க்கும்படி கோருங்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தே மேல்முறையீடு செய்யுங்கள். கணக்கு மேலாளர் இருந்தால் அவரிடமும், பிறகு தளத்தின் குறைதீர் அலுவலரிடமும் டிக்கெட் எண்களோடு எழுத்தில் கொண்டுசெல்லலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் நுகர்வோர் ஆணையங்களும் இங்கே பொதுவாக உதவமாட்டா, ஏனெனில் லாப நோக்கோடு வணிகம் செய்பவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருளில் நுகர்வோர் ஆகமாட்டார். தளத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு பற்றியும் எந்த ஊர் நீதிமன்றம் என்பது பற்றியும் எழுதியிருப்பதைப் படித்த பிறகே வழக்கறிஞரிடம் செல்லுங்கள். ஒரே முகவரியிலிருந்து விலையுயர்ந்த பொருள்கள் மீண்டும் மீண்டும் மாற்றி அனுப்பப்படுகின்றன என்றால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ் மோசடிப் புகார் கொடுக்க இடமுண்டு. அந்த நிலை வந்தால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் காணொளிக்குத் தேவைப்படும்; அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிக்கப்பட வேண்டும் என்பதால், வாட்ஸப்பில் அனுப்பிச் சுருங்கிய நகலை அல்லாமல் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. லேபிளில் உள்ள எண்ணுக்கு அழைத்து மிரட்டுவதும், வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் விற்பனையாளர் குழுக்களில் பரப்புவதும் உங்கள் கணக்கையே முடக்கக்கூடும். அந்த விவரங்கள் பொருளைக் கொண்டுசேர்ப்பதற்காக மட்டுமே நம்மிடம் தரப்பட்டவை.

கணக்கில் கொண்டுவருதல்

எல்லாக் கிளெய்மும் வெற்றி பெறாது. 250 ரூபாய்ப் பொருளுக்கு ஒரு முறைக்கு மேல் மேல்முறையீடு செய்வது நேரத்துக்குக் கட்டுப்படியாகாது. நூறு விற்பனையில் இரண்டு, ஒவ்வொன்றும் 400 ரூபாய் அடக்கவிலையோடு, இப்படிப் போகிறது என்றால் இழப்பு 800 ரூபாய். அதைப் பரப்பினால் ஒரு பொருளுக்கு ஏறத்தாழ 8 ரூபாய். உங்கள் மூன்று மாதக் கணக்கிலிருந்து இந்த எண்ணை எடுத்து விலையில் சேர்த்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ரிட்டர்னுக்கான கிரெடிட் நோட்டை (விற்பனைத் தொகையையும் வரியையும் குறைத்துக் காட்டும் ஆவணம்), அந்த விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30ஆம் தேதிக்குள், அல்லது ஆண்டறிக்கை அதற்கு முன்பே தாக்கலானால் அதற்குள், கணக்கில் காட்ட வேண்டும். தொலைந்த, திருடப்பட்ட அல்லது கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கான கழிவு) ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)ஆம் பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும் என்பதால், மாற்றி அனுப்பப்பட்ட விரிப்புகளைத் தனிப் பட்டியலாக வைத்து மாதந்தோறும் கணக்காளரிடம் கொடுங்கள். தளம் பிடித்த டிசிஎஸ் (நமக்குத் தரும் தொகையிலிருந்து தளம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) திரும்பி வந்த விற்பனையைக் கழித்த பிறகான தொகைக்குத்தானா என்பதையும் அதே பட்டியலோடு ஒப்பிடலாம். அந்த விகிதம் 2024 ஜூலை 10 முதல் 1 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.