பெத்லகேமில் ஒரு வீட்டு விருந்துக்கு அம்மாவை அழைத்துப் போவது எப்படி?

பாலஸ்தீனக் குடும்பம் ஒன்று சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறது, கூடவே வயதான அம்மாவும் வருகிறார் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே விருந்தாளி அம்மாதான், நீங்கள் துணைக்கு வந்தவர். நல்ல நாற்காலியும் முதல் கோப்பையும் கோழியின் பெரிய துண்டும் அவருக்குத்தான் போகும். தயார்ப்படுத்த வேண்டியதும் அவரைத்தான்.

1. முந்தின நாளே வாட்ஸ்அப்பில் கேளுங்கள்

வீடு எத்தனையாவது மாடி? மலைச்சரிவில் அமைந்த ஊர், படிகள் அதிகம். லிஃப்டை நம்ப வேண்டாம். வழி திறந்திருக்கிறதா என்பதைக் கிளம்பும் காலையில் மறுபடி கேளுங்கள். இஸ்ரேலியச் சோதனைச் சாவடிகள் சொல்லாமல் மூடப்படும்.

அம்மா சைவம் என்றால் ‘காய்கறி மட்டும்’ என்று சொல்வது போதாது. மக்லூபா என்ற சோற்றைப் பானையோடு தட்டில் கவிழ்த்ததும் மேலே தெரிவது கத்தரிக்காயும் காலிஃபிளவரும்தான். ஆனால் அரிசி பெரும்பாலும் கறி வெந்த தண்ணீரில் வெந்திருக்கும். அந்தத் தண்ணீரும் ஆகாது என்று சொல்லிவிடுங்கள். முஜத்தராவை நீங்களே கேட்டு வாங்குவது நல்லது: அரிசி, தோலோடு உள்ள மைசூர்ப் பருப்பு, கருகப் பொரித்த வெங்காயம். எளிய சாப்பாடு என்று விருந்தாளிக்கு அதை வைக்கக் கூச்சப்படுவார்கள்.

2. போகும் வழி

ஜெருசலேமிலிருந்து சுமார் 10 கி.மீ.தான். ஆனால் 300-ஆம் எண் சோதனைச் சாவடி வழியாகப் போனால் நீண்ட நடைபாதையும் சுழல் கதவுகளும் உண்டு. மூட்டுவலிக்காரருக்குப் பக்கத்து ஊரான பெய்த் ஜாலா வழியாகப் போகும் பேருந்தே மேல். திரும்பும்போதுதான் சோதனை. பாஸ்போர்ட்டும் எல்லையில் கொடுத்த நுழைவுச் சீட்டும் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும்.

ஊர்களுக்கு இடையே ஓடும் மஞ்சள் ‘சர்வீஸ்’ வண்டி நம் ஷேர் டாக்ஸி மாதிரி, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். கடைசி வரிசைக்குக் குனிந்து ஏறுவது வயதானவர்களுக்குப் பெரும்பாடு. அம்மாவுக்கு முன் சீட் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள்.

3. வாசலில்

ஒரு பெட்டி இனிப்பு போதும். முஸ்லிம் வீட்டுக்கு மது வேண்டாம். எதிர்பாலார் கை நீட்டினால் மட்டும் நீங்களும் நீட்டுங்கள். இல்லையென்றால் நெஞ்சில் கை வையுங்கள். அம்மாவை ‘ஹஜ்ஜே’ என்பார்கள். மக்காவுக்குப் போனவர் என்று அர்த்தமில்லை, வயதுக்குத் தரும் மரியாதை. மூத்த மகன் பெயர் தெரிந்துவிட்டால் ‘உம் குமார்’, அதாவது குமாரின் அம்மா ஆகிவிடுவார். முன்பே சொல்லி வைத்தால் திகைக்க மாட்டார்.

சுவரில் தொங்கும் தத்ரீஸ் தையல் வேலையை ஒருமுறை பாராட்டலாம். மூன்று முறை பாராட்டினால் கழற்றிப் பொட்டலம் கட்டிவிடுவார்கள்.

4. சாப்பாட்டில்

முசக்கன் வந்தால் கையால்தான். தாபூன் ரொட்டி, அதன்மேல் ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதங்கிய வெங்காயம், புளிப்புக்கு சுமாக் பொடி, உச்சியில் வறுத்த கோழி. அடி ரொட்டி எண்ணெயில் ஊறியிருக்கும், ஓரத்திலிருந்து பிய்க்கத் தொடங்குங்கள்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தட்டைக் காலி செய்தால் ‘இன்னும் பசிக்கிறது’ என்று பொருள், உடனே நிரம்பும். ‘வேண்டாம்’ என்பதை உபசாரப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் பரிமாறலைக் குறைவாக வாங்கி மெதுவாகச் சாப்பிடச் சொல்லுங்கள். போதும் என்றதும் தட்டில் கொஞ்சம் விட்டு, நெஞ்சில் கை வைத்து ‘அல்ஹம்துலில்லா’. சமைத்த பெண்ணிடம் ‘யிஸ்லமு இதேய்கி’, அதாவது உங்கள் கைகள் நலமாக இருக்கட்டும். அம்மா வாயால் வந்தால் வீடே மலர்ந்துவிடும்.

5. டீயும் காபியும்

சர்க்கரை நோய் இருந்தால் கவனம்: டீயில் சர்க்கரையைப் பெரும்பாலும் கெண்டியிலேயே போட்டுவிடுவார்கள், பிறகு சொல்லிப் பயனில்லை. அடுப்பில் ஏற்றும் முன்பே ‘பிதூன் சுக்கர்’ என்று சொல்லுங்கள். காபிக்கு ‘ஸாதா’ என்றால் சர்க்கரையில்லாதது.

ஏலக்காய் மணக்கும் அந்தக் காபியை வடிகட்டுவதில்லை. ஒரு நிமிடம் மண்டி அடங்க விட்டு, அடியில் குழம்பு தெரிந்ததும் கோப்பையை வைத்துவிடுங்கள். நம் ஃபில்டர் காபி பழக்கத்தில் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் வாயெல்லாம் பொடி.

6. கிளம்புவது

சாப்பாட்டுக்குப் பின் காபி வராமல் எழுந்தால் அவர்களுக்குக் குறை. காபி முடிந்து எழுந்தால் ‘பக்கீர்!’ என்பார்கள்: இன்னும் நேரமிருக்கிறதே! பத்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி எழுங்கள். கதவருகே அம்மாவின் கையில் ஸஅத்தர் என்ற மூலிகைப் பொடிப் பொட்டலமோ ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலோ ஏறும், பையில் இடம் விட்டு வையுங்கள். விமானத்தில் எண்ணெயைக் கைப்பையில் கொண்டுபோக வேண்டாம், பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள்.