காலி மனையில் பார்த்தீனியம்: பிடுங்கும் முறையும் மறுபடி முளைக்காமல் பார்க்கும் முறையும்

மழை விட்டுப் பத்து நாளில் பக்கத்துக் காலி மனையில் கேரட் இலை போலக் கீறிக் கீறிப் பிரிந்த செடிகள் தரையோடு வட்டமாகப் படர்ந்து கிடந்தால் பார்த்தீனியமா என்று பாருங்கள். சில வாரத்தில் நடுவிலிருந்து தண்டு எழும்பி இடுப்புயரம் வரும். தண்டில் நீளவாக்கில் வரிப்பள்ளமும் மெல்லிய ரோமமும் இருக்கும். நுனியெல்லாம் மிளகளவு வெள்ளைப் பூ. மாசிபத்திரியின் இலையும் இதே சாயல்தான், ஆனால் அதற்கு நல்ல மணம் உண்டு. சந்தேகம் தீர்க்க வெறுங்கையால் கசக்கி முகர்ந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது. இன்று இந்தியாவில் இது இல்லாத மாநிலம் இல்லை. இலங்கையில் வவுனியா, யாழ்ப்பாணம் பக்கமும் பரவியிருக்கிறது.

செடியிலுள்ள பார்த்தெனின் என்ற பொருள்தான் தோலைக் கெடுக்கிறது. முதல் தடவை தொட்டதும் எல்லோருக்கும் அரிக்காது. பலமுறை பட்டுப் பட்டு உடம்பு ஒவ்வாமை பழகிக்கொண்டால், பிறகு காற்றில் வரும் தூள் பட்டாலே இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்து அரிக்கும். “நான் வருஷக்கணக்காக வெறுங்கையால் பிடுங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் ஏற்கெனவே தோல் தடிப்பு வந்தவர்களும் இந்த வேலைக்குப் போகக் கூடாது, பக்கத்தில் நிற்கவும் கூடாது. ஒவ்வாமை வந்துவிட்டவர்களுக்குச் சில நேரம் சாமந்தி, சூரியகாந்தி போன்ற உறவுச் செடிகளும் ஒத்துக்கொள்ளாமல் போகும்.

பிடுங்கச் சரியான நேரம், மழைக்கு மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது, பூ வருவதற்கு முன். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கையுறை ரப்பரில் இருக்கட்டும். துணிக் கையுறை சாற்றை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, தண்டின் அடியைத் தரையோடு சேர்த்துப் பிடித்து இழுங்கள். தண்டு அறுந்து வேர்க்கழுத்து மண்ணில் நின்றால் அங்கிருந்தே மறுபடி துளிர்க்கும். அறுந்ததைக் களைக்கொத்தால் இரண்டு அங்குலம் தோண்டி எடுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு அடிப்பது மோசம். சாறும் தூளும் முகத்தில் தெறிக்கும், வெட்டிய கட்டை பக்கக்கிளை விட்டுக் குள்ளமாகவே பூக்கும்.

பூத்த செடி என்றால் வரிசை மாறும். முதலில் பூக்கொத்துகளைக் கத்தரித்து நேரே தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அதன் பிறகே செடியைப் பிடுங்க வேண்டும். நன்கு வளர்ந்த ஒரு செடி 10,000 முதல் 25,000 விதை வரை தரும். உலுக்கி இழுத்தால் அத்தனையும் உங்கள் காலடியில். வெங்காயம் வரும் வலைச்சாக்கில் அள்ளாதீர்கள், தெரு நெடுக விதைத்துக்கொண்டே போவீர்கள். கட்டிய பையைச் சில வாரம் கடும் வெயிலில் கிடத்தி, வெந்து அழுகிய பின் அப்புறப்படுத்தலாம். எரிப்பது வேண்டாம். பச்சைச் செடி சரியாக எரியாது, புகை அக்கம்பக்கத்தைப் படுத்தும், விதை உதிர்ந்து தப்பிவிடும்.

பூக்காத செடி நல்ல உரம். மூன்றடிக் குழியில் அரையடி கனத்துக்குச் செடி, மேலே ஒரு வாளி சாணிக்கரைசல், அதன் மேல் இரண்டு விரல் மண் என்று அடுக்கி மூடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நான்கைந்து மாதத்தில் மட்கிவிடும். ஒரு பூக்கொத்து கலந்தாலும் அந்த உரமே விதைப்பெட்டி ஆகிவிடும். ஆடு மாட்டுக்குப் போடவே கூடாது. பால் கசக்கும், அதிகம் தின்றால் கால்நடைக்கும் நோய்.

வேலை முடிந்ததும் கையுறையோடு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கழற்றிக் குளியுங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள். ஓரிரு நாள் கழித்துத் தடிப்பு வந்தால் மஞ்சள் பூசிப் பார்த்துக் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

உப்புக்கரைசலைப் பலர் சொல்வார்கள். லிட்டருக்கு 200 கிராம் சாதா உப்பு, இலையில் ஒட்டக் கொஞ்சம் சோப்புக்கரைசல், நல்ல வெயில், இளஞ்செடி: வாடும், உண்மைதான். ஆனால் அடிக்கடி தெளித்தால் மண் கெடும், கம்பி உள்ள கான்கிரீட் ஓரத்தில் துருவும் பிடிக்கும். தென்னை, கிணறு அருகே வேண்டாம். பச்சையெல்லாம் கொல்லும் களைக்கொல்லிகளை வீட்டோரம் நான் சிபாரிசு செய்யமாட்டேன். தரை மொட்டையாகும், மொட்டைத் தரையில் முதலில் முளைப்பது பார்த்தீனியமேதான்.

பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு தடவை சுத்தமாகப் பிடுங்கிவிட்டு அடுத்த வருஷம் பார்ப்பார்கள். மண்ணில் கிடக்கும் விதை பல வருஷம் உயிரோடிருக்கும், ஒவ்வொரு மழைக்கும் ஒரு கூட்டம் முளைக்கும், முளைத்த நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பூக்கும். ஆகவே ஈரம் இருக்கும் மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று கட்டாயம். அதோடு பிடுங்கிய இடத்தில் பருவமழைக்கு முன் தகரை, கொழிஞ்சி, துத்தி இவற்றில் எது கிடைக்கிறதோ அதை நெருக்கமாகத் தூவுங்கள். தகரை, கொழிஞ்சி விதைத்தோல் கெட்டி. மணலோடு தேய்த்து விதைத்தால்தான் ஒன்றுபோல முளைக்கும்.

இலையைத் தின்னும் வண்டு, வெளிர்மஞ்சள் முதுகில் கருங்கோடுகளோடு தெரிந்தால் பூச்சிமருந்து அடித்துவிடாதீர்கள். மெக்சிகோவிலிருந்து வரவழைத்து 1984இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டின் வம்சம் அது. மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்யும், வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் போய்விடும். அதை நம்பி மண்வெட்டியைக் கீழே வைக்க முடியாது.

வீட்டு வேலைக்கு இறக்கும் மணல், செம்மண், தொழுஉரம் எல்லாவற்றிலும் விதை வரும். லாரி கொட்டிய குவியலை மழைக்கு அடுத்த வாரம் ஒரு சுற்றுச் சுற்றி, விரலளவு நாற்றாக இருக்கும்போதே கையுறையோடு கிள்ளி எடுத்துவிடுங்கள்.