ட்ரோன் இல்லாமல் கொழும்பை மேலிருந்து படம் பிடிக்க

ட்ரோன் வாங்கக் காசு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவு, பறக்கவிட அனுமதி, கோட்டைப் பக்கம் என்றால் பாதுகாப்புக் கெடுபிடி வேறு. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கொஞ்சக் காலம் நாடு முழுக்கவே ட்ரோனுக்குத் தடை இருந்தது. நமக்கு வேண்டியது நாலு நல்ல படம்தானே, அதற்குப் பட்டம் போதும். 1888இல் பிரான்சில் ஆர்தர் பத்யூ செய்தது இதைத்தான். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவை ஜோர்ஜ் லோரன்ஸ் எடுத்த படமும் பட்டங்களை வரிசையாகக் கட்டி, 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள கமெராவைத் தூக்கி எடுத்ததுதான். உங்கள் பழைய போன் 200 கிராம்கூட வராது.

பட்டத்துக்கு முன் மற்ற இரண்டு வழிகளையும், தடியையும் பலூனையும், சொல்லிவிடுகிறேன். கோயில் தேர், கலியாண வீட்டுக் கூட்டம், முற்றம் இதற்கெல்லாம் பெயின்ட் ரோலர் பூட்டுகிற நீட்டுத்தடி ஒன்றே போதும், ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலே படம் வேறு மாதிரி ஆகிவிடும். ஆனால் அலுமினியத் தடியோடு மின்கம்பிக்குக் கிட்டவும் போகக்கூடாது. ஹீலியம் பலூன் வேண்டாம். ஒரு கன மீட்டர் வாயு பலூனின் எடையையும் சேர்த்து ஒரு கிலோவைத்தான் தூக்கும், வாயுவுக்குக் கொடுக்கிற காசு திரும்பி வராது, கடற்கரைக் காற்றில் அது மேலே போகாமல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

சரி, பட்டம். கொழும்புக் கடலோரத் திறந்தவெளியான காலிமுகத்திடலில் விற்கிற பிளாஸ்டிக் பட்டங்கள் பிள்ளைகளுக்கு நல்லது, கமெராவைத் தூக்காது. ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்தில் வால் இல்லாத முக்கோண டெல்டா, அல்லது ஜப்பான்காரரின் ஆறு மூலை ரொக்காக்கு தேவை. ஊரில் எட்டுமூலைப் பட்டம் கட்டிப் பழகிய ஆள் யாராவது தெரிந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், மூங்கில் சீவவும் முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கிற கயிறு) கட்டவும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடதாசிக்குப் பதில் குடைத்துணி போட்டால் உப்புக் காற்றைத் தாங்கும். நூல் 70 கிலோவாவது தாங்குகிற, பின்னிய பொலியெஸ்டராக இருக்கட்டும். மீன்பிடி நைலோன் இழுபடும், கமெரா ஊஞ்சலாடும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலை நினைத்தும் பார்க்க வேண்டாம். தோல் கையுறை கட்டாயம், இந்த அளவு பட்டம் இழுக்கும்போது நூல் விரலை அறுத்துவிடும்.

கமெராவைப் பட்டத்தில் கட்டாதீர்கள், எல்லாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். அது தொங்க வேண்டிய இடம் நூல், பட்டத்திலிருந்து இருபது மீட்டர் கீழே. பட்டம் எவ்வளவு துள்ளினாலும் அந்தத் துள்ளல் அங்கே வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தொங்கவிட பிரெஞ்சுக்காரர் பிக்காவே கண்டுபிடித்த ஏற்பாடு இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது: இரண்டு மெல்லிய பலகைத் துண்டுகளைச் சிலுவையாக ஆணியடித்து நாலு நுனியிலும் சாவி வளையம் போடுங்கள், பட்டநூலில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வளையம் கட்டுங்கள், பிறகு ஒரே நீளக் கயிற்றை எல்லா வளையங்களுக்குள்ளாலும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு நுனிக்கும் மேலே உள்ள இரண்டு வளையங்களிலிருந்தும் ஒவ்வொரு கயிறு வந்து சேர வேண்டும். நூல் சரியும்போது கயிறு வழுக்கித் தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும், சிலுவை மட்டமாகவே நிற்கும். போன் அதன் அடியில்.

ஆண்ட்ரொய்ட் போனில் ஓபன் கமெரா என்ற இலவசச் செயலி இருக்கிறது, ஐந்து செக்கனுக்கு ஒரு படம் தானாக எடுக்கச் சொல்லலாம். ஷட்டர் வேகத்தை 1/1000 செக்கனை விட மெதுவாக விடாதீர்கள், ஃபோகஸைத் தொலைவில் பூட்டிவிடுங்கள்.

இனிக் காற்று, உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து அடிக்கும், பலம் அதிகம், மழையும் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஜனவரி, பெப்ரவரி, மார்ச் நல்லது: மதியத்துக்குப் பின் கடற்காற்று ஒரே சீராக வரும், பட்டம் கிழக்கே போகும், வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழுவதால் நகரம் பளிச்சென்று தெரியும். ஆனால் காலிமுகத்திடலில் நின்றால் கிழக்கே காலி வீதி. நூல் அறுந்தால் போன் யார் தலையில் விழும் என்று யோசித்துக்கொண்டு கடலோரமாகவே நில்லுங்கள், 60 மீட்டருக்கு மேல் நூல் விடாதீர்கள். நூல் 45 பாகையில் நின்றால் கமெரா கிட்டத்தட்ட 28 மீட்டர் உயரத்தில் இருக்கும், அது எட்டு ஒன்பது மாடி. அதற்கு மேலே ஆட்கள் வெறும் புள்ளிதான். ஞாயிறு பின்னேரக் கூட்டத்தில் ஏற்றாதீர்கள், வார நாள் நல்லது.

முதல் தடவை போனுக்குப் பதில் 300 மில்லி தண்ணீர் ஊற்றிய போத்தலைக் கட்டி ஏற்றுங்கள். பட்டம் பத்து நிமிடம் ஆடாமல் நின்றால் மட்டும் போனை மாட்டலாம். இறக்கும்போது நூலைச் சுற்றி இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம், ஒருவர் நூலைப் பிடித்துக்கொள்ள மற்றவர் கையுறையோடு நூலைக் கீழே அமுக்கியபடி பட்டத்தை நோக்கி நடந்தால் தானாக இறங்கும்.

இரத்மலானை விமான ஓடுபாதை பக்கத்தில் இருப்பதால் கல்கிசைக் கடற்கரையில் பட்டம் வேண்டாம். காலிமுகத்திடலிலும் வடக்கே பழைய பாராளுமன்றக் கட்டடம், படை முகாம் பக்கம் கமெராவைத் திருப்பாமல், நிற்கிற பொலிஸ்காரரிடம் முதலே ஒரு வார்த்தை கதைத்துவிடுங்கள், கமெரா தொங்குகிறது என்பதையும் சேர்த்து.

ஒரு மணி நேரத்தில் 700 படம் சேரும், அதில் தேறுவது பத்து. வீட்டுக்கு வந்ததும் அவற்றைப் பார்க்க உட்காருவதற்கு முன் ஈரத்துணியால் போனையும் வளையங்களையும் துடைத்துவிடுங்கள், உப்பு இரண்டு நாளில் துருவை ஆரம்பித்துவிடும்.