மலையகத்தில் ஜப்பான் கார் வாங்கும் நம்மூர்க்காரர்களுக்கு: ஏர்பேக் விஷயத்தில் ஏமாறாதீர்கள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை என்று இலங்கையின் மலைநாட்டுப் பக்கம் வேலைக்கு வரும் நம்மூர்க்காரர்கள் முதலில் பஸ்ஸில்தான் போவார்கள். முதல் மழைக்காலம் முடிவதற்குள் கார் ஆசை வந்துவிடும். அதில் தப்பே இல்லை. வீடு ஒரு மலையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அடுத்த மலையில், நல்ல மீன் கிடைக்கும் கடை அதற்கும் அப்பால். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனியோடு ஓட்டிப் பழகியவன் நான். எனக்கே ஜூன் மழையில் கினிகத்தேனை ஏற்றத்தை பஸ்ஸில் நின்றபடி கடக்கப் பொறுமை இருக்கவில்லை. ஆகவே வாங்குங்கள். திருப்பூரிலிருந்து வந்த என் நண்பர் பட்ட பாட்டை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

விலையைக் கேட்டதும் மயக்கம் வரும். பத்து வயது தாண்டிய சின்னக் காருக்கு, ஊரில் புதுக் கார் எடுக்கும் பணத்தைக் கேட்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் உள்ளே இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. வயது ஏற ஏற விலையும் ஏறியது. பேரம் பேசிப் பார்க்கலாம், பெரிதாக ஒன்றும் குறையாது.

அலுவலக வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மூர் ஓட்டுநர் உரிமத்தைப் பையில் வைத்துக்கொண்டு இங்கே நிரந்தரமாக ஓட்ட முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்தில் இந்த நாட்டு உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி போடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை புகைப் பரிசோதனை. இரண்டின் தாளையும் காட்டினால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும், அதைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஆர்டிஓ வாசலில் நின்று பழகிய நமக்கு இதெல்லாம் தூசு.

ஆனால் இந்த வரிசையில் எங்கேயும், எந்த மேசையிலும், "இந்தக் காருக்கு ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா?" என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். குறையுள்ள பாகத்தை மாற்ற, காரைச் செய்த கம்பெனியே அதைத் திரும்பக் கூப்பிடுவதுதான் ரீகால். ஜப்பானில் கேட்கிறார்கள். ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்த, தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்கை மாற்றாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து அங்கே வாகனச் சோதனையில் தேர்ச்சியே கிடையாது. அதே வகைக் கார் இங்கே புகையை மட்டும் காட்டிவிட்டு ரம்பொடை வளைவுகளில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஊரில் ரீகால் என்றால் என்ன நடக்கும்? ஷோரூமிலிருந்து கூப்பிடுவார்கள். காரை விடுவோம், காபி கொடுப்பார்கள், சாயங்காலம் பூஜ்யம் ரூபாய் பில்லோடு திரும்புவோம். விற்ற கம்பெனியின் கணக்கில் நம் பெயரும் காரின் 17 இலக்க சேஸி எண்ணும் இருப்பதால் அது நடக்கிறது. இங்கே ரீகண்டிஷன் கார்கள் ஏராளம். ஜப்பானில் யாரோ கொஞ்ச காலம் ஓட்டி, ஏலத்தில் விட்டு, ஒரு சின்ன இறக்குமதியாளர் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை. இங்குள்ள ஏஜெண்ட், அதாவது அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ விற்பனையாளர், அந்தக் காரை விற்கவே இல்லை. ரீகால் கடிதம் ஒசாகாவிலோ நகோயாவிலோ பழைய சொந்தக்காரரின் வீட்டுக்குப் போயிருக்கும்.

இதற்கு மேல் ஓப்பன் பேப்பர் வழக்கம் வேறு. நம்மூரில் 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டுவோமே, அதே வியாதிதான். பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர், சாவி மூன்றாவது ஆளிடம். கடிதம் வந்தாலும் போன் வந்தாலும் அது ஓட்டுகிறவரைச் சேராது.

தகாட்டா கதை பலருக்கு அரைகுறையாகத் தெரியும். ஏர்பேக் விரிய வேண்டுமானால் இன்ஃப்ளேட்டர் என்கிற உலோகக் குடுவைக்குள் இருக்கும் வெடிமருந்து எரிந்து வாயுவாக வேண்டும். தகாட்டா பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத குடுவைகளில், வருஷக்கணக்கான ஈரப்பதத்தாலும் வெப்பம் ஏறி இறங்குவதாலும் மருந்து சிதைந்தது. நமத்துப்போன தீபாவளி வெடி புஸ்ஸென்று அடங்கும். இது நேர்மாறாக, தாறுமாறான வேகத்தில் எரிந்து குடுவையையே பிளந்து உலோகச் சில்லுகளை முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சும். 2008இல் ஹோண்டாவின் சிறிய ரீகாலாகத் தொடங்கியது, பிறகு உலகம் முழுக்க ஏறத்தாழ 10 கோடிக் குடுவைகளைத் திரும்பப் பெறும் வேலையாக வளர்ந்தது. மலேசியாவில்கூட உயிர்கள் போயின. தகாட்டா 2017 ஜூனில் திவாலானது.

பத்துக் கோடிக் குடுவைகளை ஒரே நாளில் யாரும் செய்ய முடியாது. போட்டிக் கம்பெனிகளான ஆட்டோலிவும் டைசெலும் மாற்றுக் குடுவை செய்து கொடுத்தும் போதவில்லை. அமெரிக்காவில் மாநிலங்களை வெப்பமும் ஈரமும் பார்த்து வரிசைப்படுத்தி, புழுங்கும் ஊர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். 2014இல் டொயோட்டா, பாகம் கிடைக்காத கார்களில் முன் பயணி ஏர்பேக்கைச் செயலிழக்கச் செய்து, அந்த இருக்கையில் உட்கார வேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டியது. ஆரம்பத்தில் மாற்றிய சில குடுவைகளும் பழைய மருந்தோடுதான் வந்தன, அவற்றை மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே "ஜப்பானிலேயே மாத்தியாச்சு" என்று விற்பவர் சொன்னால் எந்த வருஷம் மாற்றியது என்று கேளுங்கள்.

"நுவரெலியா குளிர் ஊர், இங்க எதுவும் ஆகாது" என்று சொல்பவர்களும் உண்டு. கார் நுவரெலியாவில் பிறக்கவில்லை. பெரும்பாலும் கொழும்பிலோ குருநாகலிலோ வெயிலில் நின்று வெந்துவிட்டுத்தான் மலையேறுகிறது. ஏற்கனவே கெட்ட மருந்து குளிரில் குணமாகாது.

இனி நண்பர் விஷயம். ஹோட்டலில் கணக்குப் பார்ப்பவர், ஒரு ரூபாய்க்கும் ரசீது கேட்பவர். கண்டியில் ஒரு ஜப்பான் கார் எடுத்தார். கூட வேலை செய்பவர் சொல்லித்தான், காரைச் செய்த கம்பெனியின் ஜப்பானியப் பக்கத்தில் சேஸி எண்ணைப் போட்டுப் பார்த்தார். இடது முன் இருக்கையின் ஏர்பேக் மாற்றப்படவில்லை என்று வந்தது. அது அவருடைய மனைவி உட்காரும் இடம்.

ஏஜெண்டிடம் போனார். அங்கே மரியாதையாகத்தான் பேசினார்கள். ரீகண்டிஷன் கார்தான், ஆனாலும் இலவசமாகச் செய்கிறோம், பாகம் ஜப்பானிலிருந்து வர வேண்டும், வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். தேதி மட்டும் சொல்லவில்லை. ஜப்பான் சந்தைக்கென்றே செய்த மாடல் என்பதால், இங்கே விற்ற மாடல்களின் பாகம் இதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு சேஸி எண்ணுக்கும் தனியாக ஆர்டர் போட வேண்டும். வெடிமருந்து உள்ள பொருள் என்பதால் ஆபத்தான சரக்கு என்ற கட்டுப்பாட்டோடுதான் கப்பலிலும் விமானத்திலும் வரும். சென்னையில் இருக்கும் மச்சினனிடம் சொல்லி, கிரைண்டர் கொண்டுவந்த மாதிரி பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா என்று என்னிடம் கேட்டார். அந்த யோசனையை அங்கேயே விடச் சொன்னேன்.

காத்திருப்பு நீண்டது. இந்த இடத்தில்தான் கராஜ் பாஸ் வந்தார். இங்கே மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஐயா, எதுக்குச் சும்மா காத்துக்கிட்டு இருக்கீங்க? கொழும்புல கழட்டின சாமான் இருக்கு. ஒரிஜினல் ஜப்பான். நாளைக்கே போட்டுத் தர்றேன்." தோட்டத்துப் பிள்ளை, நம் தமிழ், இனிமையான பேச்சு. நண்பர் நம்பினார். பணம் கொஞ்சமில்லை. மாட்டிய பிறகு டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது. குடும்பத்தோடு ரம்பொடை அருவிக்குப் போய்ப் படமெல்லாம் அனுப்பினார்.

பிறகு ஏஜெண்டிடமிருந்து அழைப்பு வந்தது. டாஷ்போர்டைத் திறந்த டெக்னீஷியன் குடுவையின் தொடர் எண்ணைப் படித்துவிட்டு வேலையை நிறுத்தினார். அது அந்தக் காரோடு வந்த குடுவையே கிடையாது. இன்னும் பழைய காரிலிருந்து கழற்றியது, அதே தகாட்டா ரகம். விளக்கு அணைந்ததற்குக் காரணம், ஏர்பேக் சரியாக இருப்பதாகக் காரை ஏமாற்ற ஒயரில் ஒட்டவைத்த ஒரு சின்ன ரெசிஸ்டர். ரீகால் வேலை சேஸி எண்ணுக்கும் கழற்றும் குடுவையின் எண்ணுக்கும் கணக்குக் காட்டிச் செய்வது. பழைய குடுவை எங்கே என்று கேட்டார்கள். அதை "கழிவுதானே ஐயா" என்று கராஜ் பாஸ் எடுத்துப் போயிருந்தார். அது இப்போது யார் காரில், யார் முகத்துக்கு நேராக இருக்கிறது என்று தெரியாது. எனக்கு இன்றும் கோபம் வருவது பணத்தை நினைத்து இல்லை, இதை நினைத்துத்தான்.

ஆகவே புரிந்துகொள்ளுங்கள்: சேஸி எண்ணைப் போட்டுப் பார்ப்பது, தொழிற்சாலையில் மாட்டிய பாகத்துக்கு ரீகால் உண்டா, கம்பெனியின் கணக்கில் அது முடிந்ததா என்பதை மட்டும் சொல்லும். இடையில் யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்கள் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. நிலுவை இல்லை என்று வந்தாலும் டாஷ்போர்டைத் திறந்து பார்க்க ஏஜெண்டின் வேலைத்தளத்தில் ஒரு நாள் செலவிடுங்கள். அந்தக் கூலி, கார் விலையில் ஒன்றுமே இல்லை.

எண்ணைத் தேடும்போது நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஜப்பான் சந்தைக் கார்களுக்கு 17 இலக்க எண் கிடையாது. மாடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு எண்கள், அவ்வளவுதான். அமெரிக்க அரசின் ரீகால் பக்கத்தில் இதைப் போட்டால் ஏற்காது. "எண்ணே தப்பு" என்று விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அந்தந்தக் கம்பெனியின் ஜப்பானிய ரீகால் பக்கத்தில் கோட்டுக்கு முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் தனித்தனிக் கட்டத்தில் இடுங்கள். மொழியை உலாவியே மாற்றிக் காட்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் காரில் பொறித்த எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். டென்சோ என்ற கம்பெனி செய்த எரிபொருள் பம்பின் ரீகாலும் அதே பக்கத்தில் தெரியும். 2020இலிருந்து டொயோட்டா, ஹோண்டா உள்பட பல கம்பெனிகள் அறிவித்தது அது. பம்பின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் உப்பி, ஓடும்போதே என்ஜின் நின்றுவிடலாம். தட்டைச் சாலையில் ஓரம் கட்டலாம். கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் லாரி வரும்போது நின்றால் என்ன செய்வீர்கள்?

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். எரிந்து அணைந்தாலும் ரெசிஸ்டர் கதை இருக்கிறது. பாகத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் பயணி ஏர்பேக்கை ஏஜெண்டே துண்டித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். தெருவோரக் கராஜ் அதைத் தொடக் கூடாது, பேட்டரி கழற்றாமல் கை வைத்தால் அங்கேயே வெடிக்கலாம். பிள்ளைகள் பின் இருக்கையில், பெல்ட்டோடு. நண்பர் வீட்டில் இப்போது அண்ணியும் பின்னால்தான். முன் இருக்கையில் காய்கறிப் பை.

இன்னொன்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் காரை முன்பு வைத்திருந்தவரும் ஏஜெண்டிடம் பதிந்திருந்தாராம். ஒரு முறை பாகம் வந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நான் வித்துட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பாகம் அடுத்தவருக்குப் போனது, நண்பர் வரிசையின் கடைசிக்குப் போனார். கார் வாங்கும் அன்றே பெயரை மாற்றுங்கள், ஓப்பன் பேப்பரில் ஒரு வாரம்கூட ஓட்டாதீர்கள். ரீகாலுக்குப் பதிந்த தாள் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்கி, அதில் உங்கள் கைபேசி எண்ணை ஏற்றச் சொல்லுங்கள். தாள் தர மறுத்தால், டாஷ்போர்டைத் திறக்க மறுத்தால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கண்டியில் கார் விற்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை.