வீட்டு டிரெய்னரில் முதல் எஃப்டிபி டெஸ்ட்: 20 நிமிடத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் முடிப்பது எப்படி?

சைக்கிளைப் பொருத்தி வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற டிரெய்னரை வாங்கி, அதற்கான பயிற்சி ஆப்பை இறக்கியதும் அது கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, உங்கள் எஃப்டிபி எவ்வளவு என்பது. நான் ஒரு குத்துமதிப்பாக 220 என்று போட்டேன். விளைவு, "சுலபமான பயிற்சி" என்று எழுதியிருந்ததிலேயே நாக்கு வெளியே தள்ளிவிட்டது. ஆப்பின் மேல் தப்பில்லை, நான் கொடுத்த எண்தான் பொய்.

எஃப்டிபி (Functional Threshold Power) என்பது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தொய்வில்லாமல் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய அதிகபட்ச பவர், வாட்ஸ் கணக்கில். ஒரு மணி நேரம் முழு மூச்சாக மிதித்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது, அதனால் 20 நிமிடம் மிதித்து, அந்தச் சராசரியில் 95% எடுத்துக்கொள்கிறோம். இதய நோய், ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால், அல்லது பல வருடம் கழித்து இப்போதுதான் உடற்பயிற்சிக்குத் திரும்பியிருக்கிறீர்கள் என்றால், முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முந்தைய நாள்

கால் வலிக்கிற பயிற்சி எதுவும் வேண்டாம். டெஸ்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி மாதிரி லேசாக ஏதாவது சாப்பிட்டால் போதும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் 12ஆவது நிமிடத்தில் அது திரும்பி வரும்.

அறை

இதைத்தான் எல்லாரும் அலட்சியம் செய்கிறார்கள். ரோட்டில் போகும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைக்கிறது, அறையில் அந்த வேலையைச் செய்ய ஒன்றுமில்லை. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் சீலிங் ஃபேன் மட்டும் போட்டு மிதித்தால், கால் ஓய்வதற்கு முன்பே சூடு தாங்காமல் பவர் இறங்கிவிடும், நீங்கள் அளந்தது கால் பலத்தை அல்ல, அறையின் புழுக்கத்தை. ஒரு பெடஸ்டல் ஃபேனை நேராக நெஞ்சுக்குத் திருப்பி வையுங்கள், முடிந்தால் விடியற்காலையில் செய்யுங்கள், ஏசி இருந்தால் தயங்காமல் போடுங்கள். ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டு, கை எட்டுகிற தூரத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர். அப்புறம் மின்தடை அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், எனக்கு ஒரு தடவை 14ஆவது நிமிடத்தில் கரண்ட் போய், டிரெய்னர் செத்து, அன்றைக்குப் பட்ட பாடு மொத்தமும் வீண்.

டிரெய்னர்

பத்து நிமிடம் மிதித்து டிரெய்னரைச் சூடாக்கிய பிறகு, ஆப்பில் கேலிப்ரேஷன் அல்லது ஸ்பின்டவுன் என்று இருப்பதைச் செய்யுங்கள். வேகமாக மிதித்துவிட்டுக் காலை நிறுத்தினால், சக்கரம் தானாக நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அது அளந்துகொள்ளும். சில புது மாடல்களுக்கு இது தேவைப்படாது. பின் டயர் ரோலர் மேல் உட்காருகிற வகை என்றால் டயர் காற்று ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிடவே முடியாது.

முக்கியமாக, எர்க் மோடை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் நீங்கள் எப்படி மிதித்தாலும் டிரெய்னர் தான் நினைத்த வாட்ஸிலேயே பிடித்து வைத்திருக்கும், பிறகு எதற்கு டெஸ்ட்? கியர் மாற்றிப் பவரைக் கூட்டிக் குறைப்பது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வார்ம்-அப், அப்புறம் அந்த 5 நிமிடம்

20 நிமிடம் நிதானமாக மிதியுங்கள், நடுவில் மூன்று தடவை ஒரு நிமிடம் நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் காலைச் சுழற்றுங்கள். பிறகு 5 நிமிடம் மெதுவாக. அடுத்து 5 நிமிடம் கிட்டத்தட்ட முழுப் பலத்தோடு, அதன்பின் 10 நிமிடம் மறுபடி மெதுவாக. முழுப் பலத்தோடு மிதிக்கிற அந்த 5 நிமிடத்தைப் பலர் செய்யாமல் தாண்டிவிடுகிறார்கள். அது இருப்பதே காலில் இருக்கிற திடீர் வேகத்தைக் கொஞ்சம் கறந்துவிடத்தான், 95% கணக்கு அதையும் சேர்த்துத்தான் போடப்பட்டது. அதை விட்டுவிட்டால் எண் பெரிதாக வரும், பார்க்க நன்றாக இருக்கும், அடுத்த ஆறு வாரம் பயிற்சியில் அழுவீர்கள்.

20 நிமிடம்

என் முதல் டெஸ்டில் 240 வாட்ஸில் கிளம்பினேன், மூன்று நிமிடம் ராஜா மாதிரி இருந்தது. எட்டாவது நிமிடத்தில் தாடை ஹேண்டில்பாரைத் தொட்டுக்கொண்டிருந்தது, திரையில் 165.

ஆகவே முதல் 5 நிமிடம் "இது ரொம்ப ஈசியாக இருக்கிறதே" என்று சந்தேகம் வருகிற அளவில் போங்கள். 5 முதல் 15 வரை திரையில் சராசரியை மட்டும் பாருங்கள், வினாடிக்கு வினாடி குதிக்கிற எண்ணைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்றுக்குள் எது உங்களுக்குச் சரியோ அதில் மிதியுங்கள். 12, 13ஆவது நிமிடத்தில் நிறுத்திவிடலாம் என்று மனசு நியாயமான காரணங்களாகச் சொல்லும், அதற்குப் பதில் பேசாதீர்கள். கடைசி 3 நிமிடத்தில் மிச்சம் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், அதில் வீரம் காட்ட வேண்டாம்.

முடிந்ததும் தொப்பென்று இறங்காமல் 10 நிமிடம் லேசாகச் சுற்றுங்கள்.

கணக்கு

சராசரி 198 வாட்ஸ் என்றால், 198 x 0.95 = 188. அதுதான் எஃப்டிபி. எடை 70 கிலோ என்றால் கிலோவுக்குச் சுமார் 2.7 வாட்ஸ். உடற்பயிற்சி விஞ்ஞானி ஆண்ட்ரூ காகன் வகுத்த பவர் மண்டலங்களில் இதைப் பொருத்தினால், நீண்ட நேர நிதானப் பயிற்சிக்கான இரண்டாவது மண்டலம் 56% முதல் 75%, அதாவது 105 முதல் 141 வாட்ஸ். எல்லை வேகத்துக்கான நான்காவது மண்டலம் 91% முதல் 105%, அதாவது 171 முதல் 197.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு ரேம்ப் டெஸ்ட் இருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் வாட்ஸ் ஏறிக்கொண்டே போகும், கால் நின்றுபோகும் வரை மிதித்து, கிடைத்த சிறந்த ஒரு நிமிடச் சராசரியில் 75% எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மட்டும் எர்க் மோட் போட்டுக்கொள்ளலாம். எப்படி வேகத்தைப் பங்கிடுவது என்ற கவலை இல்லாததால் முதல் தடவைக்கு இது நல்லதுதான், ஆனால் கொஞ்ச நேரம் மட்டும் வேகமாக மிதிப்பதில் பலசாலியாக இருப்பவர்களுக்கு எண்ணை ஏற்றிக் காட்டிவிடும்.

எந்த டெஸ்டாக இருந்தாலும் நாலைந்து நாள் கழித்து அந்த எண்ணில் 95%-ல் இரண்டு தடவை 20 நிமிடம், நடுவில் 5 நிமிட ஓய்வோடு மிதித்துப் பாருங்கள். கஷ்டப்பட்டு முடிந்தால் எண் சரி. இரண்டாவது 20 நிமிடத்தில் பாதியிலேயே கால் விட்டுவிட்டால், கூச்சப்படாமல் ஆப்பில் 188-ஐ அழித்து 180 என்று போட்டுவிடுங்கள்.